வேலம்மாள் பார்த்த கப்பல்

ஜீயபுரத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற காலை பஸ்ஸில் வேலம்மாள் உட்கார்ந்து வந்ததாகச் சரித்திரமே இல்லை. இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டாள். விற்கக் கொண்டுபோகிற வாழையிலைக் கட்டுகளைப் பின்படிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, யாரும் மிதித்துவிடாமல் காவலுக்கு நின்றுகொண்டே வருவாள். கையிலிருக்கும் துணிப்பை மட்டும் யாராவது ஒருத்தர் மடிக்குப் போய்விடும். கேட்கவெல்லாம் வேண்டியதில்லை. பையை நீட்டினால் மடி தயாராக இருக்கும். நிற்கிறவர் சுமையை உட்கார்ந்திருக்கிறவர் வாங்கி வைத்துக்கொள்வது அந்த பஸ்ஸில் எழுதாத சட்டம். பை மடியில் இருக்கிற வரைக்கும் இரண்டு பேரும் சொந்தக்காரர்கள்தான். மகளுக்கு மாப்பிள்ளை எங்கே, முட்டி வலிக்கு என்ன மருந்து என்று பேச்சு போய்க்கொண்டிருக்கும். இறங்குகிற இடம் வந்ததும் பை கைமாறும், உறவும் அதோடு முடியும்.

எழுதப் படிக்கத் தெரிந்தவள்தான். ஆனால் பஸ்ஸில் போர்டைப் பார்த்து ஏறுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பாள். தேங்காய் பழம், துளசி மாலை என்று தென்பட்டால் ஸ்ரீரங்கம் பஸ். காலையில் காலிக் கூடைகள் என்றால் சரக்கெடுக்கப் போகிற காந்தி மார்க்கெட் பஸ். எல்லார் மடியிலும் ஆஸ்பத்திரி ஃபைல் இருந்தால் தில்லைநகர் பக்கம். போர்டை மாற்றி மாட்ட டிரைவர் மறந்துவிடலாம், போகிற சனத்துக்குப் போகிற இடம் மறக்காது என்பது அவளுடைய கட்சி. அப்படியும் சந்தேகம் வந்தால் ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை எந்தப் பக்கம் தெரிகிறது என்று ஒரு பார்வை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்து மெஸ்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் இத்தனை வருஷமாக இலை போட்டுவிட்டு வந்தாள். ஒரு தடவைகூட வழி தவறியதில்லை.

அவள் புருஷன் மருதை சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். மகள் கலைமதி தவழ ஆரம்பித்த சமயத்தில் விமானம் ஏறியவர். அந்தக் கலைமதியை எடமலைப்பட்டி புதூரில் கட்டிக்கொடுத்து, அவளுக்கே ஒரு பிள்ளை தவழ்ந்து முடித்துவிட்டது. நடுவில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மருதை ஒரு மாத லீவில் வருவார். ஊரே வேனில் ஏறிக்கொண்டு திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகும். வேனில் எல்லாரும் உட்கார்ந்தது போக, மருதை டிரைவருக்குப் பக்கத்தில், வேலம்மாள் கடைசி சீட்டில் பெட்டிகளுக்கு நடுவில். வீட்டுக்கு வந்து சேர்கிற வரை அவர் பின்னந்தலையைத்தான் அவள் பார்த்துக்கொண்டு வருவாள்.

போன புதிதில் அவரிடமிருந்து முதல் போன் வந்தபோது வேலம்மாள் அழுதுவிட்டாள். சம்பளம், சாப்பாடு எதைப்பற்றியும் அவளுக்குக் கவலை இல்லை. பாஷை தெரியாத ஊரில் வழி தெரியாமல் எங்கேயாவது தொலைந்துபோய்விடுவார் என்பதுதான் பயம். மருதை அப்போது ஒரு பதில் சொன்னார். ஊரெல்லாம் சுற்றிப் பார்த்தாகிவிட்டது, எல்லா வழியும் தனக்கு அத்துப்படி, இங்கே வந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன் என்றார். அன்று ராத்திரிதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அப்புறம் போனில் கதை கதையாக வந்தது. பூமிக்கு அடியில் ரயில் ஓடுகிறது, அதற்கு டிரைவரே கிடையாது, கதவு தானாகத் திறக்கும், அட்டையைக் காட்டினால் வழி விடும். வேலம்மாள் இதையெல்லாம் மறுநாள் காலை பஸ்ஸில் எடுத்துவிடுவாள். பையை மடியில் வைத்திருக்கிறவர்கள் கேட்டுத்தானே ஆகவேண்டும். எங்க வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூர் உள்ளங்கை மாதிரி என்று அவள் சொல்லாத நாள் குறைவு. கண்டக்டருக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

கடைசியாக வந்தது கப்பல் கதை. போன வருஷம் ஒரு பெரிய வெள்ளைக் கப்பல் பட்டறைக்கு ரிப்பேருக்கு வந்தது. ஜனங்கள் உல்லாசமாகச் சுற்றிப் பார்க்கப் போகிற கப்பல், உள்ளேயே நீச்சல்குளம், சினிமா எல்லாம் உண்டு. மருதை அதில் மாதக்கணக்கில் வேலை பார்த்தார். வேலை முடிந்து அது தண்ணீரில் இறங்கிய நாளில் அவர் பேசின பேச்சில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை வேலம்மாள் அதற்கு முன்னால் கேட்டதில்லை. "ஒனக்கு அதைக் காட்டணும் வேலம்மா," என்றார். "இத்தனை வருசம் இங்க என்ன பண்ணுனேன்னு நீ ஒரு தடவை கண்ணால பாக்கணும்."

அந்த வார்த்தை அவளுக்குள் போய்த் தைத்துவிட்டது. வயதாகிவிட்டது, வேலை பெர்மிட்டை இனிப் புதுப்பிக்க மாட்டார்கள், சில மாதத்தில் ஊருக்கு ஒரேயடியாகத் திரும்பவேண்டியதுதான் என்று அவர் சொன்னதும், அதற்குள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். எதற்கும் பிடிவாதம் பிடிக்காதவள் பிடித்ததால் கலைமதி டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டாள். தங்குவதற்கு வேலம்மாளின் சித்தப்பா மகள் அனுசுயா வீடு அங்கே இருந்தது.

போய் இறங்கினால், மருதைக்கு லீவு இல்லை. தினமும் ஓவர்டைம். வந்த அன்று ஒரு மணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் போனவர், மிச்ச நாளெல்லாம் போனில்தான் பேசினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அவருக்கு விடுப்பு. அன்று ராத்திரியே வேலம்மாளுக்குத் திரும்புகிற விமானம். நல்லவேளையாக அந்த வெள்ளைக் கப்பலும் அன்று துறைமுகத்துக்கு வந்து சாயங்காலம் கிளம்புவதாக மருதை விசாரித்து வைத்திருந்தார். அதை விட்டால் கிடையாது.

தேக்காவில் ரயில் நிலையத்து வாசலில் அவளை அனுசுயா கொண்டுவந்து விட்டாள்; பெட்டியை ராத்திரி நேராக ஏர்போர்ட்டுக்கே கொண்டுவந்துவிடுவதாகச் சொன்னாள். தேக்கா என்பது அங்கே நம்மவர்கள் கடைவீதி. மல்லிகைப்பூ, முருங்கைக்காய், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எல்லாம் பார்த்து வேலம்மாளுக்குக் காந்தி மார்க்கெட்டுக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. மருதை தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு நின்றார். முகத்தில் பவுடர். அனுசுயா வழி சொல்ல வாயெடுத்தபோது அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். எனக்குத் தெரியாத இடமா, நீ வீட்டுக்குப் போம்மா என்றார். வேலம்மாளுக்குத் தங்கச்சி முன்னால் கொஞ்சம் மிதப்பாகவே இருந்தது.

கையில் பெரிய பை. விடியற்காலையிலேயே எழுந்து புளிசோறு கிண்டி, உருளைக்கிழங்கு வறுத்து, தேக்காவில் வாங்கின இலையில் கட்டி வைத்திருந்தாள். இலை வாடல், அதுவும் நுனியில்லாத அடி இலை. இதை ஸ்ரீரங்கத்தில் எந்த மெஸ்ஸிலும் வாங்க மாட்டார்கள் என்று அனுசுயாவிடம் முதல் நாளே புலம்பியிருந்தாள். கப்பலைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் சாப்பிடவேண்டும் என்பது திட்டம்.

உள்ளே போனால் மருதை ஒவ்வொரு இடத்திலும் ஒதுங்கி நின்று மற்றவர்களை முன்னால் போகவிட்டார். அவர்கள் அட்டையை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் தன்னுடையதை வைத்தார். வெளிநாட்டில் இருந்து மரியாதை கற்றுக்கொண்டுவிட்டார் என்று வேலம்மாள் நினைத்துக்கொண்டாள். கீழே கீழே இறங்கிப் போய் ஒரு ரயில் வந்து நின்றதும், "இதான், ஏறு," என்று அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். கல்யாணமான புதிதில் வயலூர் கோயிலில் பிடித்த கை.

ரயிலில் நல்ல கூட்டம். வேலம்மாள் நின்ற இடத்துக்கு முன்னால் ஒரு சீனத்து அம்மாள் உட்கார்ந்திருந்தாள். இவள் வயதுதான் இருக்கும். காலடியில் கீரைக்கட்டு நீட்டிக்கொண்டிருந்த ஒரு பை. வேலம்மாள் யோசிக்கவே இல்லை. கை அதன் பாட்டுக்குப் போய்ப் புளிசோற்றுப் பையை அந்த அம்மாள் மடியில் வைத்துவிட்டது.

அந்த அம்மாள் பையைப் பார்த்தாள், வேலம்மாளைப் பார்த்தாள், மறுபடி பையைப் பார்த்தாள். சுற்றியிருந்த நாலைந்து பேரும் பார்த்தார்கள். மருதைக்கு மானம் போய்விட்டது. இங்கே அப்படியெல்லாம் முன்பின் தெரியாதவர்களிடம் கொடுக்கக்கூடாது, போலீஸைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள் என்று காதோடு கடிந்துகொண்டார். உட்கார்ந்திருப்பவருக்கு மடி சும்மாதானே இருக்கிறது என்று வேலம்மாளுக்குப் புரியவில்லை. எடுத்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினாள். அதற்குள் அந்த அம்மாள் இரண்டு கையாலும் பையை அணைத்துப் பிடித்துக்கொண்டு லேசாகத் தலையாட்டினாள். புளிசோற்று வாசனை அவளுக்குப் பிடித்திருக்கலாம். பார்த்தீர்களா என்கிற மாதிரி வேலம்மாள் புருஷனைப் பார்த்தாள்.

ஸ்டேஷன்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. வெளியே பார்த்தால் ஒரே கறுப்புச் சுவர். மலைக்கோட்டையும் இல்லை, ஆறும் இல்லை, எந்தத் திசையில் போகிறோம் என்று கண்ணுக்கு ஒரு பிடிமானமும் இல்லை. வேறு வழியில்லாமல் வேலம்மாள் உள்ளே இருக்கிற சனத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஏதோ இடித்தது. ஒருத்தன் மீன் பொட்டலம் வைத்திருந்தான். ஒரு பெண் அரிசி மூட்டையை இரண்டு காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு தூங்கினாள். எல்லார் முகத்திலும் கடைக்குப் போய்விட்டு வீடு திரும்புகிற களைப்பு. ஒரு பெட்டி இல்லை, தொப்பி இல்லை, காற்று ஊதின ரப்பர் வளையத்தோடு ஒரு குழந்தை இல்லை. கப்பல் ஏறப் போகிறவர்களும் வேடிக்கை பார்க்கப் போகிறவர்களும் இப்படியா இருப்பார்கள். கடலுக்குக் கீரை வாங்கிக்கொண்டு யார் போவார்கள்.

மருதையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கதவுக்கு மேலே எழுதியிருந்த ஊர்ப் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. குளுகுளுவென்று இருந்த பெட்டிக்குள் அவருக்கு மட்டும் கழுத்தில் வேர்த்திருந்தது. பவுடர் கோடு கோடாக வழிந்தது. வேலம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

நேராகச் சொல்லியிருக்கலாம். தப்பான ரயில்தானே, இறங்கி மாறினால் போயிற்று. ஆனால் இத்தனை வருஷம் எல்லா வழியும் அத்துப்படி என்று சொன்ன மனுஷனை, இத்தனை பேருக்கு நடுவில், உங்களுக்கு வழி தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்த சட்டையைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். தலை சுற்றுகிறது, காற்று வேண்டும், அடுத்த ஸ்டேஷனில் கொஞ்சம் இறங்கிப் போகலாம் என்றாள். மருதைக்கு வந்ததே நிம்மதி. அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கதவு திறந்ததும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இறக்கிவிட்டார்.

ஸ்டேஷன் பேர் கோவன். பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் வேலம்மாளுக்குக் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. பை அந்த அம்மாள் மடியிலேயே போய்விட்டது. திரும்பினால் கதவு மூடிக்கொண்டிருந்தது.

அந்தக் கதவு மூடுகிற நேரத்துக்குள் அந்த அம்மாள் இறங்கியிருந்தாள். ஒரு கையில் கீரைப்பை, இன்னொரு கையில் புளிசோற்றுப் பை. மூச்சு வாங்க வந்து வேலம்மாள் கையில் பையைத் திணித்துவிட்டு, அவளுடைய பாஷையில் நீளமாக என்னவோ திட்டினாள். ஜீயபுரம் பஸ்ஸாக இருந்தாலும் இதே திட்டுத்தான் கிடைத்திருக்கும், அதனால் வேலம்மாளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. பிறகு அந்த அம்மாள் மருதை பக்கம் திரும்பி, எங்கே போகவேண்டும் என்று கையால் கேட்டாள்.

"ஹார்பர்," என்றார் மருதை. 

அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். எதிர்ப்பக்கத்து ரயில் வாசலைக் காட்டினாள். அங்கே ஏறி, இத்தனை தூரம் வந்ததையும் திரும்பிப் போய், அதற்கும் அப்பால் போகவேண்டும் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். காட்டிவிட்டு அடுத்த ரயிலுக்காகத் தன் பக்கத்து வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

மருதை பெஞ்சில் உட்கார்ந்தார்.  கூடத் தங்கியிருக்கிற அருள்நாதனிடம் வழி கேட்டதாகவும், ஊதாக் கலர் ரயிலில் ஏறிக் கடைசி ஸ்டேஷனில் இறங்கு என்று அவன் சொன்னதாகவும் மெதுவாகச் சொன்னார். ரயிலுக்கு இரண்டு பக்கமும் கடைசி ஸ்டேஷன் உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை.

"எனக்கு இந்த ஊர்ல ஒரு வழியும் தெரியாது வேலம்மா," என்றார். "விடிஞ்சா கம்பெனி லாரி வந்து ஏத்திட்டுப் போவும். பொழுது சாஞ்சா கொண்டாந்து விடும். ஞாயித்துக்கெழமை தேக்காவுக்கு ஒரு பஸ்ஸு. அவ்வளவுதான். நான் சொன்ன கதையெல்லாம் யாரோ சொன்னது. மொத போன்ல நீ அழுத பாரு, அதைக் கேக்க முடியல. அதுக்காகச் சொன்னேன். அப்புறம் மாத்திச் சொல்ல முடியாமப் போச்சு."

வேலம்மாளுக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. வந்தது துக்கம்தான். லாரியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு விடியற்காலையில் ஒரு பெரிய ஊரைக் கடந்து போகிற மனுஷனை நினைத்துப் பார்த்தாள். ஊரின் பின்னந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார், வேனில் கடைசி சீட்டில் அவள் வந்த மாதிரியே.

"எந்திரிங்க," என்றாள். "கப்பல் காத்துக்கிட்டு இருக்காது."

திரும்புகிற ரயிலில் இடம் இருந்தது. போகப் போகப் பெட்டிகளும் தொப்பிகளும் ஏற ஆரம்பித்தன. ஒரு குழந்தை ரப்பர் வாத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அதைப் பார்த்ததும் வேலம்மாளுக்கு உயிர் வந்தது. கடைசி ஸ்டேஷனில் இறங்கியதும், மருதை வழி கேட்கத் தயங்கி நின்றதைக்கூடக் கவனிக்காமல், எந்தக் கூட்டம் கடலுக்குப் போகிறது என்று பார்த்து அதன் பின்னால் விறுவிறுவென்று நடந்தாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்.

கடலோரத்துக்கு வந்தபோது கப்பல் கரையை விட்டிருந்தது. ஆனால் போய்விடவில்லை. ஒரு தெருவே எழுந்து தண்ணீரில் நகர்கிற மாதிரி மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அடுக்கடுக்காக ஜன்னல்கள். மேல்தட்டில் பாட்டுச் சத்தம், கையாட்டுகிற ஜனங்கள். வேலம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிப் பார்த்தாள். எது நீங்கள் செய்தது, சீக்கிரம் காட்டுங்கள், போகப்போகிறது என்று அவசரப்படுத்தினாள்.

மருதை கையைத் தூக்கினார். தூக்கின கை நடுவில் நின்றது.

"அது தெரியாது," என்றார். "நாங்க பாத்தது அடித்தகடு. தண்ணிக்குள்ள இருக்கு."

சொல்லிவிட்டு அவருக்கே வெட்கமாகிவிட்டது. இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்து, காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று இப்போதுதான் உறைத்தது போலத் தலையைக் குனிந்துகொண்டார். வேலம்மாள் கப்பலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மேல அத்தனை சனம் ஆடுது," என்றாள். "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல. நல்லாத்தான் பாத்திருக்கீங்க வேலை."

 கப்பல் சின்னதாகிற வரைக்கும் மருதை கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு படிக்கட்டு ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் புளிசோறு சாப்பிட்டார்கள். ஏர்போர்ட்டுக்கு எப்படிப் போகவேண்டும் என்று மருதையே எழுந்து போய் ஒரு காவலாளியிடம் கேட்டுவிட்டு வந்தார். கேட்டதை வந்து இரண்டு தடவை அவளிடம் ஒப்பித்தார்.

ஆவணி பிறந்து அவர் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பினார். இந்தத் தடவை வேன் வேண்டாம் என்று வேலம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கலைமதிக்குக்கூட நேரத்தைச் சொல்லவில்லை. பெட்டிகளைப் பார்சலில் போட்டுவிட்டு ஒரு பையோடு வந்த மனுஷனைத் திருச்சி ஏர்போர்ட் வாசலில் அவள் ஒருத்தியாக நின்று கூட்டிக்கொண்டாள். பஸ்ஸிலேயே போகலாம் என்றாள். மருதைக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஊர்க் காற்றுப் பட்டதும் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

ரோட்டுக்கு வந்ததும் அவர் முன்னால் நடந்தார். சத்திரம் போகிற பஸ்ஸுக்கு எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று அவள் சொல்ல வாயெடுத்தபோது, கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "நம்ம ஊர்ல எனக்கு வழி தெரியாதா, பேசாம வா," என்றார். அதற்குள் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. ஏறிக்கொண்டு அவளுக்குக் கையை நீட்டினார்.

வேலம்மாள் உள்ளே இருக்கிறவர்களைப் பார்த்தாள். ஸ்கூல் விட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளைகள், மார்க்கெட்டில் விற்றுவிட்டு வருகிற காலிக் கூடைகள். சத்திரம் போகிற பஸ் இல்லை, டவுனை விட்டுப் புதுக்கோட்டை ரோட்டில் வெளியே போகிற பஸ். மலைக்கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிற பஸ்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அதிசயமாக இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம் இருந்தது, உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் கேட்காமலே தன் பையை மருதை மடியில் வைத்தாள். அவர் திடுக்கிட்டு வேலம்மாளைப் பார்த்தார், அப்புறம் இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். மருதை வாயைத் திறப்பதற்குள் வேலம்மாள் முந்திக்கொண்டாள்.

"எனக்கு ஃப்ரீ டிக்கெட்டு. இவருக்கு மட்டும் ஒண்ணு, மாத்தூர் குடுங்க," என்றாள். அது அந்த பஸ் போகிற கடைசி ஊர். அங்கே போய் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறித் திரும்பி வந்தால் போயிற்று. இன்றைக்கு அவர்கள் போய்ப் பிடிக்கவேண்டிய கப்பல் எதுவும் இல்லை.